மாப்பிள்ளையின் மூக்கு

டீ நன்றாக இருக்கிறது, டாக்டர். இந்த மாதிரி மனநல இல்லங்களில் டீ என்ற பெயரில் வெந்நீரைக் காட்டிவிட்டுப் போவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அக்காவை இங்கே சேர்த்தபோது எனக்கிருந்த ஒரே கவலை அதுதான். டீ சரியில்லை என்றால் அவள் வாயைத் திறந்துவிடுவாள். திறந்தால் மூடுவது சுலபமில்லை.

மருந்துப் புட்டியின் மூடியில் பஞ்சு வைத்து, அதன்மேல் அந்த முட்டையை வைத்திருக்கிறீர்களே, அதுவும் நேர்த்தியாக இருக்கிறது. போட்டோ எடுத்தீர்களா? இல்லையா? நல்லது. டியூப் லைட் வெளிச்சத்தில் வெள்ளை ஒருநாளும் வெள்ளையாக விழாது. துணி மில்லில் ஆயுள் முழுக்கச் சாயத்தின் ஷேடு பார்த்தவன் சொல்கிறேன்.

நீங்கள் நேராகக் கேட்டீர்கள். நானும் நேராகவே சொல்கிறேன். அக்கா பொய் சொல்லவில்லை. அவளுக்குப் புத்தியும் பிசகவில்லை. குருவிக் கூண்டில் முட்டை இருக்கிறது என்று அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் முட்டை இருந்தது. எடுத்தவன் நான். இதை அவள் மகளிடம் என் வாயால் சொல்லிவிட்டால் அக்கா வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். நியாயமான பேச்சு. அக்கா மகள், என் மருமகள், வேறு நாட்டில் இருக்கிறாள். யார் என்ன சொன்னாலும் கடைசியில், "மாமா, நீங்க என்ன சொல்றீங்க?" என்றுதான் கேட்பாள். தாய்மாமனை அந்த அளவுக்கு மதிக்கும் பெண்கள் இப்போது குறைவு. அவள் கூப்பிடும்வரை, ஏன் எடுத்தேன் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காரணம் கேட்காமல் ஒருவனைக் கெட்டவன் என்று முடிவு கட்டுவது படித்தவர்களுக்கு அழகில்லை.

மில்லில் நான் 'பாஸ்' என்றால் பாஸ். 'ரிஜெக்ட்' என்றால் துணி லாரியோடு திரும்ப வேண்டும். முதலாளியே என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். ஓய்வு பெற்ற மறுநாள் வீட்டுத் திரைச்சீலையை ரிஜெக்ட் செய்தேன். "அப்ப நீங்களே துவைச்சுக்குங்க" என்றாள் மனைவி. அதிகாரத்தில் இருந்தவனுக்கு வீடு என்பது எவ்வளவு சின்ன இடம் என்று அன்று புரிந்தது.

பட்ஜி வளர்ப்போர் சங்கம் என்னைக் காப்பாற்றியது. பட்ஜி என்ற அந்தச் சின்னக் கூண்டுக் கிளியை 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்பவர்களைத் திருத்துவதுதான் அப்போது சங்கத்தின் முக்கியப் பணி. நான் போன பிறகு அதற்கு ஓர் அறிவியல் முகம் வந்தது. பட்ஜியின் அலகுக்கு மேலே, மூக்குத் துளைகள் இருக்கும் ஒரு சின்ன மேடு உண்டு. நாங்கள் அதை மூக்கு என்றே சொல்வோம். சாதாரண வகைகளில் வளர்ந்த ஆணுக்கு அது நல்ல நீலம். பெண்ணுக்கு வெளிறிய சந்தன நிறம், முட்டையிடும் பருவத்தில் காய்ந்த பழுப்பு. மூக்கில் பொடிப்பொடியாகத் துளை விழுந்து பொருக்குத் தட்டினால் பூச்சி. ஆணுக்கே நீலம் மாறிப் பழுப்பானால் உள்ளே கட்டி இருக்கலாம். ஆக, ஆணா பெண்ணா, சுகமா சீக்கா எல்லாம் அந்த ஒரு பட்டையில் இருக்கிறது. நிறம் பார்க்கத் தெரிந்தால் போதும். நிறம் பார்க்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தலைவராக்கினார்கள்.

குஞ்சு விஷயம் மட்டும் கொஞ்சம் நுட்பம். ஆண் குஞ்சின் மூக்கு ரோஜாவும் ஊதாவும் கலந்து ஒரே சீராக இருக்கும். பெண் குஞ்சுக்கு வெளிறிய நிறம், துளைகளைச் சுற்றி வெள்ளை வளையம். எங்கள் கண்காட்சி அன்று மேடையில் ஒரு குஞ்சை என் கையில் கொடுத்தார்கள். பார்த்தேன். ஒரே சீரான ஊதா. மைக்கில் "ஆண்" என்றேன். கைதட்டினார்கள்.

செயலாளர் ஒரு பல் டாக்டர். குஞ்சை வாங்கிக்கொண்டு வெயிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"தலைவரே, மூக்கு ஓட்டையைச் சுத்தி வெள்ளையா வளையம் தெரியுதே."

"பல்லைப் பத்திப் பேசுங்க, ஒத்துக்கறேன். மூக்கு என் டிபார்ட்மென்ட்" என்றேன், மைக்கிலேயே. கண்காட்சியில் அதற்குத்தான் அதிகச் சிரிப்பு.

இறங்கி வரும்போதுதான் மேலே பார்த்தேன். மேடைக்குக் கூரையாகக் கட்டியிருந்த துணி ஊதா. அதன் கீழே நின்றால் சுண்ணாம்புச் சுவரும் ஆண் குஞ்சு மாதிரிதான் தெரியும். நிறத் துணிக்கு அடியில் நின்று ஷேடு பார்த்ததற்காக மில்லில் எத்தனையோ பேரை நான் வேலையைவிட்டு அனுப்பியிருக்கிறேன். ஆனால் அவர்கள் கவனக்குறைவானவர்கள். என் விஷயம் வேறு.

அந்தக் குஞ்சைத்தான் அக்கா வாங்கிக்கொண்டாள். அத்தான் போன பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது என்றாள். அத்தான் இருந்தபோதும் அவர் பேசி யாரும் கேட்டதில்லை; அந்த வீட்டில் அதற்கு இடைவெளி கிடைத்ததில்லை. குருவிக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். "சாப்பிடுது, ஊஞ்சல்ல உக்காருது, ஒரு வேலை செய்யறதில்ல. வேற என்ன பேர் வைக்கறது?" என்றாள். என்னைக் குருவி கவர்னர் என்பாள். சிறு வயதில் எனக்குத் தலை சீவிவிட்டவள் என்பதால் அந்தத் தலைக்குப் பின்னாளில் வந்த பதவி எதுவும் அவள் கண்ணில் பட்டதில்லை.

மாப்பிள்ளை வளர்ந்தது. மூக்கு நீலமாகவில்லை.

"டேய், மாப்பிள்ளை மூக்கு பழுப்பா வருதுடா. பொண்ணா இருக்குமோ?"

"ஆணுக்குப் பழுப்பானா உள்ளே கட்டின்னு அர்த்தம் அக்கா."

"கட்டியா? நல்லாத்தானே தின்னுது?"

"கட்டி இருந்தா அப்படித்தான் தின்னும்."

அவள் அழுதாள். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதனால்தான் மருந்து கொண்டுவந்தேன். மில்லில் வேலை செய்த காலத்து நீலச் சாயம் கொஞ்சம் வீட்டில் இருந்தது. மெல்லிய பிரஷ்ஷால் வாராவாரம் மூக்கில் தடவினேன். ஷேடு அச்சு அசலாக இருந்தது. கடவுளே வந்தாலும் பாஸ் போட்டிருப்பார். குருவி தும்மியது. "மாப்பிள்ளைக்குக் குணமாகிடுச்சு" என்று அக்கா அக்கம்பக்கமெல்லாம் சொன்னாள். அவளுக்கு ஒரு சந்தோஷத்தைக் கொடுத்தேன். இதையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அக்காவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஈரப் பஞ்சால் மூக்கைத் துடைத்திருக்கிறாள்.

"உன் மருந்து பஞ்சுல வந்துடுச்சுடா. இங்க பாரு, நீலமா இருக்கு."

பார்த்தேன். "வெள்ளையாத்தானே அக்கா இருக்கு?" என்றேன்.

அவள் பஞ்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பஞ்சைப் பார்த்தாள். "கண் டாக்டர்கிட்ட போகணும் போல" என்றாள். ஆயுள் முழுக்க எதற்கும் என்னிடம் விட்டுக்கொடுக்காதவள், நிறம் என்று வந்ததும் விட்டுக்கொடுத்தாள். எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்பதை நான் மறைக்கவில்லை.

அடுத்தது முட்டை. ஜோடி இல்லாமலே பெண் பட்ஜி முட்டையிடும் என்பது சங்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அக்கா போனில் சொன்னாள்.

"மாப்பிள்ளை முட்டை போட்டிருக்கார்டா, கவர்னரே."

"ஆம்பளைக் குருவி முட்டை போடாது அக்கா."

"அதை அதுகிட்ட வந்து சொல்லு."

போனேன். அவள் டீ போட உள்ளே போனபோது முட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். திரும்பி வந்தவளிடம், "எங்கே அக்கா முட்டை?" என்றேன். அவ்வளவுதான், டாக்டர். நான் பொய் கூடச் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டேன்.

முட்டையை எடுத்தால் பறவை சும்மா இருக்காது. இழந்ததை ஈடுகட்ட இன்னொன்று போடும். அதையும் எடுத்தால் இன்னொன்று. உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தையெல்லாம் ஓடாக்கிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் துவளும். இது தெரிந்தேதான் எடுத்தீர்களா என்று கேட்கிறீர்கள். தெரியாமல் எடுத்தேன் என்று சொல்லி என் அறிவை நானே குறைத்துக்கொள்ளச் சொல்கிறீர்களா? எடுத்ததை உடைக்க மனம் வரவில்லை. வீட்டில் அட்டைப் பெட்டியில் பஞ்சுக்குள் வைத்திருக்கிறேன். அந்த வெள்ளையை மில்லில் நாங்கள் ஒருநாளும் கொண்டுவந்ததில்லை.

மருமகளிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். "அம்மாவுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. ஆம்பளைக் குருவி முட்டை போடுதுன்னு சொல்றா. வேற ஒண்ணுமில்ல." அவள் போனிலேயே அழுதாள். "நீங்க பக்கத்துல இருக்கறதுதான் மாமா எனக்கு நிம்மதி" என்றாள். அந்த நிம்மதியை நான் கெடுக்க முடியுமா?

அக்கா ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர்கள், அந்தப் பல் டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டாள். கூண்டுக்குள் முட்டை இருக்கிறது, வந்து பாருங்கள் என்று. அவளுக்கு எதையும் நாடகமாக்கித்தான் பழக்கம். ஒரு துண்டைப் போட்டுக் கூண்டை மூடிக்கூட வைத்திருந்தாள். நான் எல்லோருக்கும் முன்னால் போய், நாற்காலி எடுத்துப் போட்டு, உதவியெல்லாம் செய்தேன். எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் அக்கா துண்டை எடுத்தாள்.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். முட்டை இல்லை. பல் டாக்டர் மட்டும், "பரவாயில்லம்மா" என்றார். பரவாயில்லை என்ற சொல்லுக்கு அவ்வளவு எடை உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சிவப்பு, பிறகு வெளிறல், அப்புறம் ஒரு சாம்பல். நிறம் பார்க்கிற பழக்கம், விட மாட்டேன் என்கிறது.

எல்லோரும் போன பிறகு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலே வேறாக இருந்தது.

"டேய் தம்பி. நான் பாத்தது நிஜமா இல்லையாடா? நீ சொல்லு. நீ சொன்னா நம்பறேன்."

என்னைத் தம்பி என்று அவள் கூப்பிட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. அப்போது முட்டை என் சட்டைப் பையில் இருந்தது. இன்னும் சூடு போகவில்லை.

"இல்ல அக்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். இங்கே வரும்போது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பெட்டியைக் கூட அவளே கட்டினாள்.

குருவியையும் அவளோடு இருக்கவிட்டது நீங்கள் செய்த தவறு, டாக்டர். நான் வேண்டாம் என்றேன். மனதுக்கு நல்லது என்றீர்கள். இப்போது பாருங்கள், நேற்று அது முக்கி முக்கி இந்த முட்டையைப் போட்டுவிட்டு அவள் உள்ளங்கையிலேயே செத்துப் போய்விட்டது. நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்ததாகச் சொல்கிறீர்கள். அதிகமாக முட்டையிட்டதில் உடம்பு தேய்ந்து போய்விட்டது என்கிறீர்கள். இருக்கலாம். ஆணாகப் பிறந்து அத்தனை முட்டை போட்டால் எந்த உடம்புதான் தாங்கும்?

சிரிக்கவில்லை. நீங்களும் அப்படிப் பார்க்க வேண்டாம். முட்டை இருந்ததை நான் ஒப்புக்கொள்கிறேன். எடுத்ததை ஒப்புக்கொள்கிறேன். சாயம் பூசியதையும், அக்காவிடம் இல்லை என்றதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குருவி பெண் என்று மட்டும் சொல்லச் சொல்கிறீர்கள். மேடையில், மைக்கில், அத்தனை பேர் முன்னால் ஆண் என்று சொன்னவன் நான். சொன்ன சொல்லை மாற்றுகிறவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். வரும்போது நர்ஸிடம் கேட்டுக் குருவியின் உடலை வாங்கித் தோட்டத்தில் புதைத்துவிட்டேன். அறுத்துப் பார்க்கலாமே என்று யாருக்காவது தோன்றக்கூடாது பாருங்கள். மாப்பிள்ளைக்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டும்.

போன் அடிக்கிறது. மருமகளாகத்தான் இருக்கும். ஜன்னல் பக்கம் போய்ப் பேசுங்கள், இங்கே சரியாகக் கேட்காது. எல்லாவற்றையும் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. நிதானமாகச் சொல்லுங்கள். நான் டீயை முடித்துக்கொள்கிறேன்.

என்னிடம் கொடுக்கச் சொல்கிறாளா? தெரியும், கேட்பாள் என்று சொன்னேனே. கொடுங்கள்.

என்னம்மா, நல்லா இருக்கியா? ஆமாம்மா, டாக்டரம்மா பக்கத்துலதான் நிக்கறாங்க. ரொம்ப நல்லவங்க. ராவும் பகலும் வேலை, பாவம், முகமே வெளிறிப்போயிருக்கு. இந்த மாதிரி இடத்துல ரொம்ப நாள் இருந்தா யாருக்குமே கொஞ்சம் அப்படித்தாம்மா ஆகும். இரு, ஏதோ தேடறாங்க, என்னன்னு கேக்கறேன்.

என்ன டாக்டர், மேசையில் எதைத் தேடுகிறீர்கள்? அந்த மூடியிலா? வெறும் பஞ்சுதானே இருந்தது.

எந்த முட்டை?