வியர்க்காத விரல்கள்

அவைக்கு அணிசெய்யும் ஆய்வகத் தலைவர் அவர்களே! எலிகளின் அச்சத்தை ஆராய்ந்து ஆராய்ந்தே தலை நரைத்த மூத்தோர்களே! சலவை ஆலையிலிருந்து வேலை உடுப்போடு வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே! என்னைப் பெற்ற தாயே, பிறரைப் பெற்ற தாய்மார்களே! அனைவருக்கும்... ஐயையோ, இந்த மைக் ஏன் இப்படிக் கீச்சென்று கத்துகிறது? மைக்செட் தம்பி, கொஞ்சம் பாருங்கப்பா. ஆங், சரி. அனைவருக்கும் வணக்கம்!

மனிதரின் அச்சத்தை அளக்கும் புதுக் கூடத்தைத் திறக்கக் கூடியிருக்கிறோம். இங்கே பணிபுரியும் ஆய்வாளர் என்பதால், கூடத்தைப் பாராட்டிப் பேச என்னை அழைத்தார்கள். பாராட்ட வாய் வரவில்லை, வயிறு எரிகிறது!

எலிக்கு எப்படி அச்சம் கற்பிக்கிறோம்? ஓசை எழுப்பி, உடனே காலடிக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சுகிறோம். மறுநாள் ஓசை மட்டும். எலி உறைந்து நின்றால் 'கற்றுக்கொண்டது' என்கிறோம். உறையாமல் ஓடினால்? 'கற்கவில்லை' என்கிறோம்! பெண் எலிகளில் பல அப்படித்தான் ஓடும். ஓடுகிறதே, காற்று வாங்கவா போகிறது? சிரிக்கிறீர்கள்! சிரிக்கிற விஷயமா இது?

மனிதருக்கு? அதே ஓசை, அதே மின்சாரம்; ஆனால் விரலில் கம்பி கட்டி, அச்சத்தில் ஊறும் வியர்வையை அளக்கிறோம். மின்சாரம் எவ்வளவு என்று அவரே சொல்லலாம். போதுமென்றால் எழுந்து போகலாம். எலிக்கு உண்டா அந்த உரிமை? கூண்டில் அடைபட்ட உயிரும், கதவு திறந்திருக்க அமர்ந்த உயிரும் ஒன்றா? அங்கே அசைவு, இங்கே வியர்வை! இரண்டையும் ஒரே வரைபடத்தில் கோடாக இழுத்து, 'ஆகா, ஒன்றுபோல இருக்கின்றன' என்று நமக்கு நாமே கைதட்டிக்கொள்கிறோம்!

அம்மா, ஏன் கை காட்டுகிறாய்? சுருக்கிப் பேசச் சொல்கிறாய், புரிகிறது. கொஞ்சம் பொறு. இனிமேல்தான் விஷயமே.

என் தங்கை சலவை ஆலையில் நீராவி இயந்திரம் ஓட்டுபவள். ஒரு நாள் குழாய் கீச்சிட்டது, வெடித்தது, இரண்டு கையும் வெந்தது. புண் ஆறியதும் ஆலை அவளை இங்கே அனுப்பியது. அச்சம் இருந்தால் வேறு வேலை. இல்லாவிட்டால் அதே இயந்திரம். வெந்து தழும்பேறிய அந்த விரல்களிலேயே கம்பியைக் கட்டினார்கள்! தழும்பில் வியர்வை எப்படி ஐயா வரும்? கோடு ஏறவில்லை. 'அச்சமில்லை' என்று தலைவர் கையெழுத்திட்டார். திங்கட்கிழமை அவள் அதே குழாயடியில் நிற்க வேண்டும்.

"பயமா இருக்குன்னு சொன்னேன்க்கா. 'நீங்க சும்மா இருங்கம்மா, மெஷின் சொல்லும்'னுட்டாங்க" என்று அழுதாள். எலியால் சொல்ல முடியாது. அதனால் அதன் காலைப் பார்த்தோம். இவளுக்கு வாய் இருக்கிறதே! பேசத் தெரிந்தவளை வாயில்லாப் பூச்சியாக்கிவிட்டு, அதற்கு அறிவியல் என்று பெயர் சூட்டினால் அடுக்குமா? அடுக்குமா அவையோரே?

யாரது? தங்கையை மேடைக்குக் கூப்பிடவா? கூப்பிடத்தான் போகிறேன். அதோ, அம்மாவுக்குப் பக்கத்தில்... அந்த நாற்காலி ஏன் காலியாக இருக்கிறது? என்னம்மா சொல்கிறாய்? மைக் கத்தியபோதே எழுந்து ஓடிவிட்டாளா? இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் கை காட்டினாயா?

தலைவர் அவர்களே, அந்த நாற்காலிக்கடியில் அவள் செருப்பு கிடக்கிறது. இறங்கி வந்து பாருங்கள். பார்த்துவிட்டு, போட்ட கையெழுத்தை அடியுங்கள். புதுக் கூடத்தின் நாடாவை அதற்கப்புறம் வெட்டலாம்.

என் சூட்டைப் பொறுத்துக்கொண்ட அவைக்கு நன்றி. செருப்பை எடுத்துக்கொண்டு நான் அவளைத் தேடிப் போகிறேன். வணக்கம்!