டோம்பிவிலியில் இருக்கும் சாவி

டோம்பிவிலி ரயிலின் பெண்கள் பெட்டியில், குர்லாவில் ஏறிய தாராவிக்காரப் பெண் ஒருத்தி ஜன்னலோரம் இருந்தவளைப் பார்த்து, "எங்கக்கா இவ்வளவு தூரம்?" என்றாள்.

"ஒரு சாவி வாங்கப் போறேன்."

"என்ன சாவி?"

"நம்ம படிப்பகத்து அலமாரிச் சாவி. தலைவரு டோம்பிவிலில ஃபிளாட் வாங்கிட்டுப் போனாருல்லா, சாவியையும் கொண்டுட்டுப் போயிட்டாரு. ஞாயித்துக்கெழமதோறும் நாங்க எட்டு பொம்பளைய சேந்து சத்தமா கவித படிக்கோம். கையில இருக்கது ஒரே புஸ்தகம். அத எத்தன தடவதான் படிக்க?"

"போன்ல கேக்க வேண்டியதுதான?"

"கேட்டேன். இட்லி அவிக்கிற கையோட தொட்டா புஸ்தகம் பாழாயிருமாம். அலமாரியில இருக்கதுல பாதி நான் வீடு வீடா ஏறி எறங்கிச் சேத்தது, தெரியுமா?"

"நேர்ல போனா மட்டும் குடுத்துருவாராக்கும்?"

அக்கா பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே செம்மண்ணும் அரித்துப்போன காகிதத் தூளும் இருந்தன.

"நேத்து அலமாரிக்கு அடியில கூட்டி அள்ளுனது. இத அவரு கையில குடுத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கப் போறேன். எங்க கை அழுக்கு, சரி. கரையான் மட்டும் கை கழுவிட்டா வந்துச்சு?"