வேப்பிலை கட்டிய வாசல்

நம் தீவில், டெலானிபூர் பக்கம் வேப்பிலை கிடைப்பது சிரமம், ஐயா. டாலிகஞ்சில் தெரிந்தவர் வீட்டு மரத்தில்தான் போய் ஒடித்து வரவேண்டும். ஆபீஸ் விட்டதும் போய் ஒடித்து வந்து வாசல் நிலையில் கட்டினேன். நீங்கள் கேட்பது அந்த வேப்பிலையைப் பற்றி என்பதால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பூங்கோதை என் தங்கை. அம்மா போன பிறகு, சாத்தம் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்த அப்பாவும் போய்ச் சேர்ந்தார். நான்தான் வளர்த்தேன். எனக்கு வந்த வரன்களை நானே வேண்டாமென்றேன். அவள் ஹாக்கி மட்டையும் கையுமாக அலைந்தபோது ஊர் சிரித்தது. நான் அவளுக்குக் குட்டைப் பாவாடை தைத்துக் கொடுத்தேன். மெட்ராஸில் சர்வதேசப் பெண்கள் ஹாக்கிப் போட்டி, ஜப்பான், ஜெர்மனியிலிருந்தெல்லாம் வருகிறார்கள், இந்திய அணியில் தீவிலிருந்து இவள் ஒருத்தி என்று செய்தி வந்ததும் அல்வா கிண்டி வீடு வீடாகக் கொடுத்தேன். பொறாமையில் செய்தேன் என்று மட்டும் வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள்.

ஆனால் எனக்குக் கண் இருக்கிறது. கடல் தாண்டி மெயின்லேண்டுக்குப் போன எங்கள் அண்ணன் உதயசூரியன் திரும்பவே இல்லை. போகும்போது அவனும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே போனான். இவள் டிரங்குப் பெட்டியில், துணிகளுக்கு அடியில் அம்மாவின் போட்டோ இருந்தது. ஆடிவிட்டுத் திரும்பி வருகிறவளுக்கு அம்மா போட்டோ எதற்கு? கேட்டேன். "சும்மாதான்க்கா" என்று சொல்லிப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

கப்பல் வியாழக்கிழமை. அதை விட்டால் அடுத்த கப்பலுக்குள் போட்டியே முடிந்துவிடும். அம்மை கண்டவரைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். அந்த வீட்டுக்குள் நம் ஆட்களும் காலெடுத்து வைக்கமாட்டார்கள். அதனால்தான் வேப்பிலை. அவளுக்கு அம்மை இல்லை. தூங்கிக்கொண்டிருந்தவளை அறையில் வைத்து வெளியே பூட்டினேன், அவ்வளவுதான். அடுப்படி ஜன்னல் வழியாக வேளாவேளைக்குச் சோறு கொடுத்தேன். மட்டையைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குவாள். அதை எடுக்க மறந்தது என் தப்பு.

வியாழன் காலை அவளை ஏற்றிப்போக ஜீப் வந்தது. பெங்காலி டிரைவர் வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினான். "மாதா ஆயா க்யா, நாகரத்தினம் தீதி?" என்று, அம்மை போட்டிருக்கிறதா எனக் கேட்டு, கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பினான். உள்ளே அவள் கத்திக்கொண்டு கதவை மட்டையால் அடித்தாள். பக்கத்து வீட்டு அன்னம்மாள் இளநீரைப் படியில் வைத்து, "ஆத்தா ரொம்ப உக்கிரமா இருக்கா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு சத்தம் நின்றது. பின் ஜன்னலின் மரச்சட்டங்களை உடைத்துக் குதித்திருக்கிறாள். பின்னால் சரிவும் பாறையும்தான். தொடை எலும்பு வெளியே தெரிந்தது. நான்தான் இழுத்து வந்து படுக்கவைத்தேன். சாத்தம் துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதியது அவளுக்கும் கேட்டது.

"கப்பல் போவட்டும்க்கா. நான் எங்கயும் போகல. என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ."

நல்ல வார்த்தைதான். ஆனால் ஆஸ்பத்திரியில் வாயைத் திறப்பாள், பிறகு என்னோடு இருப்பாளா? மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினேன். காய்ச்சல் ஏறியது, காயம் நாறியது. ஞாயிற்றுக்கிழமை பேச்சு நின்றது. மறுநாள் விடியும்போது என் மடியில்தான் இருந்தாள். உயிர் இல்லை. எனக்கு எவ்வளவு வலித்தது என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை.

அந்தப் போட்டோவை மெட்ராஸில் பெரிதாக்கி எனக்குக் கொண்டுவர நினைத்தாள் என்று அன்னம்மாள் சொன்னதாகச் சொல்கிறீர்கள். அன்னம்மாள் எதையும் சொல்வாள்.

ஆஸ்பத்திரி இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஏன் ஒரு டாக்டரைக் கூட்டி வரவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நீங்களும் தமிழ் ஆள்தானே, ஐயா. வாசலில் வேப்பிலை கட்டிய வீட்டுக்கு யாராவது டாக்டரைக் கூப்பிடுவார்களா?