வெட்டிப் போட்ட பதினோரு நொடி

அக்கா: வெட்டக் கூடாதுன்னா வெட்டக் கூடாது. எத்தனை தடவை சொல்றது உனக்கு?

தம்பி: மெதுவா பேசுக்கா. கடை வாசல் பெஞ்சுல யாரோ உட்கார்ந்திருக்காங்க.

அக்கா: உட்காரட்டும். கேக்கட்டும். இன்னிக்கு வீடியோ லைவ். நீ மொபைலைப் பிடிச்சா போதும், மத்ததை நான் பார்த்துக்கறேன்.

தம்பி: லைவா! நாற்பதாயிரம் பேர் இருக்கற பேஜுக்கா. நடுவுல நீ திக்கி நின்னா நான் எதை வெட்டுவேன்?

அக்கா: வெட்ட முடியாதுல்ல? அதுக்குத்தான் லைவ்.

தம்பி: திடீர்னு என்ன ஆச்சு? ரெண்டு வருஷமா நீ ரிப்பேர் பண்ற, நான் எடுக்கறேன், நான் வெட்டறேன், நான் போடறேன். உன் வீடியோவை நீ ஒரு தடவை பார்த்திருப்பியா?

அக்கா: நேத்து பார்த்தேன்.

தம்பி: ...எதை?

அக்கா: எல்லாத்தையும். மத்தியானம் ஷட்டரை இறக்கிட்டு உட்கார்ந்து ஒண்ணு விடாம பார்த்தேன். யாருடா அவ? மடமடன்னு கொட்டறா. மூஞ்சி என்னுது, கை என்னுது. வாய் மட்டும் யாருதோ.

தம்பி: நல்லாத்தானே இருக்கு? "என்ன தெளிவா சொல்றீங்க மேடம்"னு எத்தனை பேர் எழுதறாங்க!

அக்கா: அவங்க அந்த மேடத்துக்கு எழுதறாங்க. எனக்கு இல்ல.

தம்பி: இங்க பாருக்கா. ஜனங்க விரல் நிக்காது. முதல் மூணு செகண்டுல பிடிக்கலைன்னா தள்ளிட்டுப் போயிட்டே இருப்பாங்க. நீ ஒரு வார்த்தைக்கு வாயைத் திறந்துட்டு நின்னா...

அக்கா: நின்னா?

தம்பி: ...போயிடுவாங்க. அதான்.

அக்கா: அதான் இல்ல. சிரிப்பாங்க, அதைச் சொல்லு.

தம்பி: சிரிப்பாங்கதான்! ஸ்கூல்ல சிரிச்சது பத்தாதா? காசு குடுத்து டிக்கெட் வாங்கின மாதிரி உட்கார்ந்து சிரிப்பானுங்க. எனக்குத் தாங்காதுக்கா.

அக்கா: வாய் எனக்கு. தாங்கறது உனக்கா?

தம்பி: ம்... பார்த்தியா, கோவம் வந்தா உனக்குத் திக்கவே மாட்டேங்குது. பேசாம லைவ் முழுக்க என்னைத் திட்டிட்டே ரிப்பேர் பண்ணேன்.

அக்கா: சிரிக்க வைக்காதே. நான் இன்னும் முடிக்கல. அந்த அயர்ன் பாக்ஸ் வீடியோ இருக்கே...

தம்பி: சூடேறாத அயர்ன் பாக்ஸா? அதுதான் நம்ம பேஜுலயே நல்லா ஓடினது!

அக்கா: அதுல பதினோரு நொடி காணோம்.

தம்பி: நீ எண்ணினியா?

அக்கா: உன் கம்ப்யூட்டர்ல முழுசா கிடந்துதே, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். நான் அயர்ன் பாக்ஸை மேஜை மேல வைக்கறேன். அடுத்தது ஸ்க்ரூ டிரைவர் கையில இருக்கு. நடுவுல நான் என்ன சொன்னேன்?

தம்பி: ...பிளக்கைப் பிடுங்கச் சொன்ன.

அக்கா: சொன்னேன்ல?

தம்பி: சொன்ன. ரெண்டு வார்த்தையும் 'ப'வுல ஆரம்பிக்குதுக்கா! கண்ணை மூடிட்டு, கழுத்து நரம்பெல்லாம் புடைச்சு... அதைப் போட எனக்கு மனசு வரல. சின்னக் குழந்தைக்குத் தெரியும், கரண்ட் சாமானைத் திறக்கறதுக்கு முன்னாடி பிளக்கைக் கழட்டணும்னு.

அக்கா: தெரியும்னு நீ முடிவு பண்ணிட்ட.

தம்பி: சரி, தப்புத்தான். அதனால இப்ப யாருக்கு என்ன ஆயிடுச்சு?

அக்கா: யாரும் ஒண்ணும் சொல்லலையா?

தம்பி: ...இல்லையே.

அக்கா: ஒருத்தரும்?

தம்பி: இல்லக்கா. என்ன போலீஸ் மாதிரி கேக்கற?

அக்கா: பெஞ்சுல இருக்கற அம்மா! உள்ள வாங்கம்மா. ஸ்டூல்ல வயர் கிடக்கு, தள்ளிட்டு உட்காருங்க.

தையல்காரம்மா: இருக்கட்டும்மா, நிக்கறேன். தம்பி, வணக்கம்.

தம்பி: வணக்கம்... கையில என்ன கட்டு?

தையல்காரம்மா: ரெண்டு விரல். வலது கை. நான் தையல் கடை வச்சிருக்கேன் தம்பி. அயர்ன் பாக்ஸ் சூடேறல, உங்க வீடியோவைப் பார்த்து நானே திறந்தேன்.

அக்கா: சொல்லுங்கம்மா. அவன் கேக்கட்டும்.

தையல்காரம்மா: சுவிட்சை அணைச்சுட்டுத்தான் கை வச்சேன். போதும்னு நினைச்சேன். பழைய கட்டடம், எந்தப் புண்ணியவான் வயரிங் பண்ணானோ... சுவிட்சை அணைச்சாலும் உள்ள கரண்ட் ஓடியிருக்கு. அப்படியே தூக்கிப் போட்டுது. விரல் நுனியில இன்னும் உணர்ச்சி வரல. ஊசியில நூல் கோக்க எதிர்வீட்டுப் பொண்ணைக் கூப்பிடறேன்.

அக்கா: சுவிட்சை நம்பாதேன்னு இதுக்குத்தான்டா சொல்றது. மூணு செகண்டுல பிடிக்கணும்னியே, இவங்களைப் பிடிச்சுட்ட. மூணு தடவை பார்த்திருக்காங்க. கண்ணெடுக்காம பார்த்திருக்காங்க.

தையல்காரம்மா: வீடியோவுக்குக் கீழ எழுதினேன் தம்பி. இந்த மாதிரி ஆச்சு, மத்தவங்களுக்கும் சொல்லுங்கன்னு. பதில் வரல.

தம்பி: அது... நூத்துக்கணக்குல வரும்மா. எங்கேயாவது அடியில போயிருக்கும்.

தையல்காரம்மா: இருக்கும்.

அக்கா: ம். இருக்கும்.

தம்பி: அக்கா, நான் ஒண்ணு செய்யறேன். வீடியோவுக்குக் கீழ பெரிசா எழுதிப் போட்டுடறேன். மன்னிப்பும் கேட்டுடலாம். லைவ் எதுக்கு?

அக்கா: எழுத்துல எனக்கு எந்தக் காலத்துலடா திக்கிச்சு? நான் வாயால சொன்னதை நீ எடுத்துட்ட. அதை வாயாலதான் திருப்பி வைக்கணும்.

தம்பி: அவ்வளவு பேர் முன்னாடியா?

அக்கா: அவ்வளவு பேர் வீட்டுலயும் அயர்ன் பாக்ஸ் இருக்கே.

தம்பி: பேஜே போயிடும்க்கா. ரெண்டு வருஷ உழைப்பு.

அக்கா: நான் திக்கினா போற பேஜுன்னா, இப்பவே போகட்டும். எனக்கு வேணாம்.

தையல்காரம்மா: தம்பிக்குக் கஷ்டம்னா நான் பிடிக்கறேன்மா. இடது கை நல்லாத்தான் இருக்கு.

தம்பி: ஐயோ, வேணாம்மா. நீங்க உட்காருங்க. நானே பிடிக்கறேன்... அக்கா, தண்ணி குடிச்சுக்கோ. முடி கலைஞ்சிருக்கு.

அக்கா: கிடக்கட்டும். ஃபேனை நிறுத்து, சத்தம் வரும். ம், ஆரம்பி.

தம்பி: ...போயிட்டிருக்கு. ஆளுங்க வராங்க. இருநூறு... நானூறு...

அக்கா: வணக்கம். நான் லைவ்ல வர்றது இதான் முதல் தடவை. அயர்ன் வீடியோ ஒண்ணு விட்டோம். அதுல முதல் வேலையை விட்டுட்டோம். ஸ்க்ரூவைத் தொடறதுக்கு முன்னாடி... ப்... ப்... ப்...

தம்பி: "வீடியோ நின்னுடுச்சு"ன்னு ஒருத்தர். "நெட் போயிடுச்சா"ன்னு இன்னொருத்தர். அக்கா, வேற வார்த்தை... "இணைப்பு"ன்னு சொல்லிடேன்...

அக்கா: நீ சும்மா இரு. நெட்டுக்கு ஒண்ணும் இல்லைங்க. நான்தான். எனக்குத் திக்கும். அவசரம்னா தள்ளிட்டுப் போங்க, நான் இங்கதான் இருப்பேன். ப்... ப்... பிளக்கை... ப்... பிடுங்குங்க.

தையல்காரம்மா: ஆங்!

அக்கா: சுவிட்சை அணைச்சா ஆகாது. கையால உருவி, கண்ணு முன்னாடி வச்சுட்டு, அப்புறம்தான் ஸ்க்ரூவைத் தொடணும். என்ன எழுதறாங்க?

தம்பி: சிரிக்கற பொம்மை... நாலு. இல்ல, ஏழு.

அக்கா: சிரிக்கட்டும். சிரிச்சுட்டு அதை உருவட்டும். வேற?

தம்பி: "எனக்கு 'க' வராது. கடையில கேக்காம விரலால காட்டிட்டு வந்துடுவேன்"னு ஒருத்தர். அவருக்குக் கீழ... ஏய், இத்தனை பேரா? "எனக்கு 'த'." "எனக்கு என் பேரே வராது." "என் பொண்ணைக் கூப்பிட்டு உட்கார வச்சிருக்கேன், மெதுவா சொல்லுங்க"ன்னு ஒரு அம்மா.

அக்கா: அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வணக்கம் சொல்லு. எத்தனை பேர் ஓடினாங்க?

தம்பி: ஓடலக்கா. ஆயிரத்து முந்நூறு பேர் இருக்காங்க. நீ அங்க நின்னப்போகூட ஏறிட்டேதான் இருந்துது.

அக்கா: இவங்க கையைக் காட்டு. அம்மா, காட்டலாம்ல?

தையல்காரம்மா: தாராளமா. இதோ... இதான் தம்பிங்களா, தங்கச்சிங்களா. ரெண்டு விரல். உங்களுக்கு வேணாம் இது.

தம்பி: "எங்க வீட்டு சுவிட்சும் பழசு, இப்பவே ஆளைக் கூப்பிடறேன்"... "டீச்சருங்க எல்லாரும் இதைப் பசங்களுக்குக் காட்டணும்"... அப்புறம்... அடுத்தது...

அக்கா: ஏன் ஒண்ணைத் தாண்டின?

தம்பி: ஒண்ணுமில்ல.

அக்கா: வாசி.

தம்பி: ...அக்கா.

அக்கா: வாசிடா. ஆயிரத்து முந்நூறு பேர் அதைப் பார்த்துட்டுத்தான் இருக்காங்க.

தம்பி: "இவ்வளவு நாளா ஏன் சொல்லல? இப்பத்தான் உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

அக்கா: ஆமாம்னு சொல்லிடட்டுமா? ஆளு நேர்ல வந்து நின்னப்போதான் தெரிஞ்சுதுன்னு?

தம்பி: ...

அக்கா: சொல்லிடட்டுமா?

தம்பி: ...

தையல்காரம்மா: தம்பிக்கு வேர்க்குதும்மா. அந்த ஃபேனை...

அக்கா: இருங்கம்மா. ஃபேன் வேணாம்.

தம்பி: வந்து... அது... மொபைலை இப்படித் திருப்பறேன். நான்தான்... நான் இவ தம்பி. அக்கா அன்னிக்கே சொன்னா. பதினோரு நொடி போராடிச் சொன்னா. வெட்டினது நான். இந்த அம்மா எழுதினது அடியில எல்லாம் போகல. பத்தொன்பது நாளுக்கு முன்னாடி வந்துது, அஞ்சே நிமிஷத்துல படிச்சேன். படிச்சு... அழிச்சேன். அக்காவுக்குத் தெரியாது.

அக்கா: தெரியும்டா. எழுதின அன்னிக்கே அதை மொபைல்ல எடுத்து வச்ச போட்டோவை இந்த அம்மா நேத்தே காட்டிட்டாங்க, பேஜுல தேடினா அது இல்ல. உன் வாயால வரட்டும்னு காலையிலேருந்து நின்னுட்டிருக்கேன்... உனக்கும் வார்த்தை வர எவ்வளவு நேரம் ஆச்சு பார்த்தியா? நான் நடுவுல வெட்டினேனா?