யார் இறுக்கின நட்டு?

தெனிட்சா: என் பெட்டியில கை வச்சது நீங்கதானே, பென்கோ அண்ணே?

பென்கோ: எந்தப் பெட்டி, இன்ஜினியரம்மா?

தெனிட்சா: தெரியாத மாதிரி கேக்காதீங்க. இந்த நீராவி வால்வு தலையில உக்காந்து அதைத் திறந்து மூடுதே, பொசிஷனர், அதைத்தான். காலையில வந்து டியூன் பண்றேன், வால்வு வெண்ணெய் மாதிரி நகருது. மேல கண்ட்ரோல் ரூமுக்குப் போய் ஒரு காபி குடிச்சு முடிக்கல... ஒட்டிக்குது, குதிக்குது, மறுபடி ஒட்டிக்குது...

பென்கோ: காபியைக் குறைச்சுக்குங்க.

தெனிட்சா: விளையாடாதீங்க. ஊர்ல வீட்டைச் சூடாக்குற ரேடியேட்டர் எல்லாம் ஒரு நேரம் கொதிக்குது, ஒரு நேரம் செத்துக் கிடக்குது. வெளிய முழங்கால் அளவு பனி. நம்ம வெந்நீர் நிலையத்துக்குப் போன் பண்ணி ஜனங்க திட்டுறாங்களே, அதை யார் வாங்கிக் கட்டிக்கிறது?

பென்கோ: நான் ஒரு பொத்தானையும் தொடல. எங்கம்மா மேல சத்தியம். நீங்க வச்ச எண் எதாவது மாறியிருக்கா?

தெனிட்சா: ...இல்ல.

பென்கோ: அப்புறம் என் மேல ஏன் பாயுறீங்க?

தெனிட்சா: மாறலங்கிறதுதான் எரிச்சலே. கெய்னை, அதான் பெட்டி வால்வைத் தள்ளுற வேகத்தை, குறைச்சா நகர மாட்டேங்குது. கூட்டினா பேயாட்டம் ஆடுது. சாயங்காலம் நம்ம மேனேஜர் மாலினோவ் சார் வர்றாரு. அப்பவும் ஆடினா, வெளிக் கம்பெனியைக் கூப்பிட்டுட்டு என்னை மீட்டர் பாக்க அனுப்பிடுவாராம். "இந்தப் பொண்ணுக்கு டியூனிங் வரல"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாரு, அண்ணே. எல்லார் முன்னாடியும்.

பென்கோ: அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

தெனிட்சா: நீங்க ஏதோ பண்றீங்கன்னு சந்தேகமா இருக்குன்னு அவர்கிட்ட...

பென்கோ: என் பேரைச் சொன்னீங்களா?

தெனிட்சா: சொன்னேன். வேற வழியில்ல. உடனே எகிறுறாரு... "பென்கோவை ஒரு வார்த்தை சொல்லாதே"ன்னு. எனக்காக ஒரு வார்த்தை பேசாத மனுஷன், உங்களுக்குன்னா...

பென்கோ: இத்தனை வருஷம் இங்க வேர்வை சிந்தினவன் நான். என்னைப் போய்...

தெனிட்சா: இருங்க. வால்வுத் தண்டைச் சுத்திக் கசிவை அடைக்கிற இந்த கிளாண்ட் நட்டு என்ன இப்படிப் பளபளக்குது? ஸ்பேனர் தடம். புதுத் தடம். இறுக்கினீங்களா?

பென்கோ: கொஞ்சம். நீராவி கசிஞ்சு சொட்டுச்சு.

தெனிட்சா: கொஞ்சமா? தண்டைக் கழுத்தை நெரிச்சு வச்சிருக்கீங்க. அது எப்படி அண்ணே நகரும்? ஆனா... காலையில நான் பாக்கும்போது லூசாத்தானே இருந்துச்சு?

பென்கோ: நீங்க வர்றதுக்கு முன்னாடி தளர்த்தி வச்சிடுவேன்.

தெனிட்சா: அடப்பாவி மனுஷா. லூசா இருக்கிற தண்டுக்கு நான் டியூன் பண்ணிட்டுப் போறேன். நான் படியேறினதும் நீங்க இறுக்குறீங்க. தினமும். நான் என்னடான்னா, படிச்சதெல்லாம் மறந்து போச்சோன்னு ராத்திரி தூங்காம கிடக்குறேன்.

பென்கோ: இதுல இவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. சொட்டுதேன்னுதான்...

தெனிட்சா: சொட்டினா சொட்டட்டுமே. தரைதானே?

பென்கோ: தரையில விழுந்தா பரவால்ல...

தெனிட்சா: வால்வுக்குக் கீழ என்ன அது, கம்பளியில சுத்தி?

பென்கோ: தொடாதீங்க. இன்னும் உறையல.

தெனிட்சா: தயிரா?

பென்கோ: எருமைப் பால், நாலு ஜாடி. இந்த இடத்துச் சூடு வீட்டு அடுப்புல வராது. மேல தண்ணி சொட்டினா பாழாப் போயிடும்.

தெனிட்சா: தயிருக்காகவா? ஊரே கோட்டு போட்டுக்கிட்டுப் படுக்குது, என் மானம் போகுது... நாலு ஜாடித் தயிருக்காகவா? சாயங்காலம் வரட்டும் மாலினோவ் சார். இந்தக் கம்பளியை அவர் கண்ணு முன்னாடி பிரிச்சுக் காட்டுறேன். அப்பவும் உங்களைத் தாங்குறாரான்னு பாக்கலாம்.

பென்கோ: வேணாம்மா.

தெனிட்சா: ஏன், பயமா இருக்கா?

பென்கோ: எனக்கு என்ன பயம்? அந்த நீல மூடி போட்ட ஜாடி ரெண்டும் அவரோடது. "சொட்டுது, நட்டை இறுக்கு"ன்னதும் அவர்தான். "அந்தப் பொண்ணு வர்றதுக்கு முன்னாடி தளர்த்திடு, பாத்தா கத்துவா"ன்னு சொன்னதும்... அவர்தான்.