கைலாசம் கேட்ட இரண்டு பலகைகள்

போர்டு எழுதச் சொல்லிக் கடைக்கு நேரில் வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கை சும்மா இருக்காது. தென்காசியில் கடை போட்ட நாளிலிருந்து பார்க்கிறேன். புது வீட்டுக்குப் பெயர்ப்பலகை வேண்டும் என்று வருவார்கள், டிரங்குப் பெட்டியில் கல்யாணப் பெண்ணின் பெயர் எழுதவேண்டும் என்று வருவார்கள். முடிப்பதற்குள் டப்பாவை முகர்ந்து பார்ப்பார்கள், காயாத பெயிண்டில் விரலை வைப்பார்கள். நான் யாரையும் கடிந்து பேசியதில்லை. இன்ஸ்பெக்டர் ஐயா எங்கள் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம்.

கைலாசமும் அப்படி வந்தவன்தான். குற்றாலத்துக்கு அப்பால் ஒரு சிறிய அருவியில், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவன் தொழில். முந்தின வருஷ வெள்ளம் அவன் கண்ணெதிரிலேயே ஓர் ஆளை அடித்துக்கொண்டு போய்விட்டதாம். அதனால் தன் செலவில் இரண்டு பலகை வைக்க ஆசைப்பட்டான். மேலே பாறையில் நின்றால் வெள்ளம் வருவது முன்னாடியே தெரியும். ஆனால் அருவிச் சத்தத்தில் எவ்வளவு கத்தினாலும் கீழே கேட்காது. ஆகவே ஆபத்தென்றால் சிவப்புப் பலகையைத் தூக்குவது, குளிக்கலாம் என்றால் பச்சை. தன்னைப் போலப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நிறம் போதும் என்றான். எழுத்து இல்லாத பலகை என் கடையிலிருந்து வெளியே போவதில்லை. ஒன்றில் ‘குளிக்காதே’ என்றும் மற்றதில் ‘குளிக்கலாம்’ என்றும் வெள்ளையில் எழுதித் தருவதாகச் சொன்னேன்.

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும். பிறவியிலேயே அப்படி. சிவப்பு டப்பாவின் மூடியில் ஆணியால் இரண்டு குழி அடித்து வைத்து, விரலால் தடவிப் பார்த்தே இத்தனை வருஷம் தொழில் செய்தேன். என் மனைவி வடிவம்மாளுக்குக்கூட இது தெரியாது. அன்று கைலாசம், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, திறந்து கிடந்த டப்பாக்களை மூடிவைத்துவிட்டுப் போனான். மூடிகளை மாற்றி மூடிவிட்டான்.

பலகை வாங்க வந்தபோது, “இதுதான் குளிக்காதே” என்று எடுத்து நீட்டினேன்.

“அண்ணாச்சி, இது பச்சைல்லா” என்று சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவனுக்குப் புரிந்துவிட்டது. “யார்ட்டயும் சொல்ல மாட்டேன். நெறம் தெரியாட்டா என்ன அண்ணாச்சி, ஒங்களுக்கு எழுத்து தெரியும்லா. எனக்கு அது தெரியாது. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு.”

நிறத்தைச் சரிசெய்து எழுதிக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் பயம் என் கடைக்குள் வந்து உட்கார்ந்தது. நிறம் தெரியாதவனிடம் யார் போர்டு எழுதக் கொடுப்பார்கள்? வக்கீல், மிராசுதார், பஸ் முதலாளி எல்லாரும் எண்ணெய் தேய்க்கக் கைலாசத்தின் முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருகிறவர்கள். அவன் ஒரு வார்த்தை விட்டால் போதும். தெருவில் இரண்டு பேர் சிரித்துப் பேசினால் என்னைப் பற்றித்தான் என்று நினைப்பேன்.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. அதைவிட மோசமானதைச் செய்தான். தென்காசிக்கு வரும்போதெல்லாம் கடைக்குள் வந்து நின்றான். ஆட்கள் இருக்கும்போதே குனிந்து, “அந்தா ஓரத்துல இருக்கு பாருங்க, அதுதான் செவப்பு” என்று என் காதில் சொல்வான். ஒருநாள் பாவூர்சத்திரத்து வியாபாரி ஒருவர், “என்னடே ரகசியம் பேசுதிய?” என்று கேட்டார். கைலாசம் ஒன்றுமில்லை என்று சிரித்து மழுப்பினான். நான் பெயிண்டைக் கலக்குவதுபோலக் குனிந்துகொண்டேன். இனி வராதே என்று சொல்ல நினைத்தேன். கோபத்தில் வெளியே சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அதற்கும் பயம்.

ஆடிச் சாரலில், பலகைகளை வந்து பார்க்கும்படி அவனே கூப்பிட்டான். போனேன். மேலே நின்று பலகை தூக்க அவன் வைத்திருந்த காவல்காரன் அன்று வரவில்லை. “செத்த நேரம் நீங்க நில்லுங்க அண்ணாச்சி. படிச்சுப் பாத்துத் தூக்குங்க” என்று பலகைகளை என்னிடம் விட்டுவிட்டுக் கீழே இறங்கினான். அங்கே ஆலங்குளத்திலிருந்து வந்த உலகம்மை என்பவளும் அவள் மகளும் குளிக்கக் காத்திருந்தார்கள். பெயரெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

மேலே என் பக்கத்து ஓடையில் தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் வந்தன. அதற்குப் பின்னால் பாறை உருளும் சத்தம் கேட்டது. கைலாசம் அண்ணாந்து என்னைப் பார்த்தான். நான் பலகையைத் தூக்கினேன். அவன் கையை அசைத்துவிட்டு, சிறுமியின் கையைப் பிடித்து அருவிக்குள் கூட்டிப்போனான். தாயும் கூடவே போனாள். மூவரையும் மறுநாள்தான் எடுத்தார்கள்.

சிறுமிக்காக வருத்தப்படுகிறேன். அவள் அவன் கையை விட்டிருக்கலாம்.

விசாரணையின்போது டாக்டர் நூல்கண்டுகளை நீட்டி நிறம் கேட்டார். எல்லார் முன்னாலும் தப்புத்தப்பாகச் சொன்னேன். எது வெளியே தெரிந்துவிடும் என்று அத்தனை பயந்தேனோ அதுவே என்னைக் காப்பாற்றப் பார்க்கிறது. கடைக்கு வருகிறவர்கள் இப்போது ஒருவர் பாக்கியில்லாமல் என் காதருகே குனிகிறார்கள், “அண்ணாச்சி, அதுதான் செவப்பு” என்கிறார்கள். அவர்கள் குனியும்போதெல்லாம் எனக்குக் கைலாசத்தின் குரல்தான் கேட்கிறது. பாவம், அவசரத்தில் பலகையை மாற்றித் தூக்கிவிட்டார் என்று ஊரே இரக்கப்படுகிறது. ஐயாவும் அப்படியே எழுதப்போவதாகக் கேள்விப்பட்டுத்தான் வந்தேன்.

நான் அவசரப்படவில்லை. இரண்டையும் பாறைமேல் சாய்த்துவைத்து, நிதானமாகப் படித்துப் பார்த்துத்தான் ‘குளிக்கலாம்’ என்பதை எடுத்தேன். தொழிலில் நான் கவனப்பிசகாக இருந்தேன் என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.