நாலு தலைமுறை, அஞ்சு கடிகாரம்

— மூச்சை உள்ள இழுங்க மாமா. பட்டன் எட்டல.

— இழுத்துட்டுத்தாம்மா இருக்கேன். இதுக்கு மேல இழுத்தா உயிரும் சேர்ந்து உள்ள போயிரும்.

— போன வருஷம் இதே கோட்டு போட முடிஞ்சுதே.

— போன வருஷம் உன் சமையல் இவ்ளோ நல்லா இல்ல.

— ஐஸ் வைக்காதீங்க. நடுப் பட்டனைத் திறந்தே விட்டுடலாம். மேடையில குடுக்கற கடிகாரத்தை வயித்துக்கு முன்னால பிடிச்சுக்கங்க, மறைஞ்சிரும்.

— அப்பாடா. அந்தக் கடிகாரத்துக்கும் ஒரு உபயோகம் வந்துச்சு.

— இந்த வருஷமும் கடிகாரம்தானா?

— வேற என்ன? பட்டாளத்துக்காரன்னா நேரம் தவறமாட்டான்னு சங்கத் தலைவருக்கு யாரோ சொல்லிட்டாங்க.

— ஏற்கெனவே சுவத்துல நாலு இருக்கு. ஒண்ணு பத்தரைங்குது, ஒண்ணு பத்தே முக்கால்ங்குது. நாலுலயும் தலைவர் மூஞ்சி மட்டும் பளிச்சுனு தெரியுது, முள்ளைத்தான் தேட வேண்டியிருக்கு.

— யாருக்கு விழா எடுத்தாங்கன்னு பின்னாடி குழப்பம் வரக்கூடாதுல்ல.

— அந்த ஓரத்துல இருக்கறது ஓடறதே இல்ல. அதைக் கழட்டிட்டு இன்னைக்கு வர்றதை அங்க மாட்டிடறேன்.

— அதுல கை வைக்காத.

— பேட்டரியாவது மாத்தறேனே...

— வேணாம்னு சொல்றேன்ல. இந்த வீட்ல ஒண்ணாவது சும்மா இருக்கட்டும்.

— சரி சரி, முறைக்காதீங்க. கையைத் தூக்குங்க. நோட்டீஸைப் பார்த்தீங்களா? 'நான்கு தலைமுறைப் போர் வீரர்கள்'னு போட்டிருக்காங்க. உங்கப்பா, நீங்க, உங்க பையன்... நாலாவது யாரு மாமா?

— உன் பையன்தான்.

— அவன் டயர் கடையில பஞ்சர் ஒட்டிட்டு இருக்கான்.

— பட்டாளத்துல சேர ஆர்டர் எப்படியும் வந்துரும்னு தலைவரே சேர்த்துக்கிட்டாரு. மூணு தலைமுறை பக்கத்து ஊர்லயும் ஒரு வீட்ல இருக்காம். நாலுன்னாதான் மதிப்பாம்.

— அது சரி. உங்கப்பாவுக்குத்தான் போட்டோவே கிடையாதே. நோட்டீஸ்ல எப்படி வந்துச்சு?

— என் போட்டோவைக் குடுத்து, மீசையை மட்டும் பெருசா வரையச் சொன்னேன்.

— அதான் பார்த்தேன். அப்படியே மகன் ஜாடையா இருக்காரேனு.

— அவரு வண்டி ஏறும்போது எனக்கு மூணு மாசம். திரும்பி வந்தது அவரு நினைவா ஒரு பித்தளைத் தட்டு. பேரை நல்லா ஆழமா வெட்டித்தான் அனுப்பியிருந்தாங்க. எங்கம்மா தினமும் தேய்ச்சுத் தேய்ச்சு, நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டப்ப அதுல படிக்க ஒண்ணுமே இல்ல.

— ... அதையும் மேடைக்குக் கொண்டு போகணுமா?

— தலைவர் கேட்டாரு. ரொம்பப் பளபளன்னு இருக்குன்னு சந்தோஷப்பட்டாரு.

— நீங்க பேச வேண்டியதையும் அவரே எழுதிக் குடுத்துட்டாராமே.

— ஆமா. நான் தனியா ஒரு மலையைப் பிடிச்சேனாம்.

— நீங்க லாரிதானே ஓட்டினீங்க?

— மலை வரைக்கும் லாரியிலயே போயிட்டேன்னு நினைச்சுட்டாரு போல.

— கால்ல குண்டு பட்டது?

— அது நிஜம்தான். டயர் மாத்திட்டு இருந்தப்ப.

— ஓ... டயர் வேலை பரம்பரையா வருதா.

— நாலு பேரை ஏத்திட்டுப் போனேன். ரெண்டு பேரை இறக்கினேன். அதைத் தலைவர் எழுதல. கடைசியில, 'என் பேரனையும் நாட்டுக்குத் தருகிறேன்'னு கையை உயர்த்திச் சொல்லணுமாம்.

— சொல்வீங்களா?

— சொல்லிட்டுப் போறேன். கைதட்ட ஆள் கூட்டியிருக்காங்க, பாவம்.

— உங்க பையன் வரலையாம்.

— தலைவலியா?

— தலைவலிதான். கதவைச் சாத்திப் படுத்துட்டாரு.

— பட்டாசு வெடிப்பாங்கன்னு யாராவது சொல்லிட்டாங்களா?

— நான்தான் சொன்னேன். போன தடவை சொல்லாம கூட்டிட்டுப் போய், மேஜைக்கு அடியிலேர்ந்து அவரை வெளிய கொண்டு வர ஒரு மணி நேரம் ஆச்சு.

— அப்ப தலைவர் மைக்ல என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா? 'வீரர் மண்ணை முத்தமிடுகிறார்'னு.

— எல்லாரும் கைதட்டினாங்க.

— நல்லாவே தட்டினாங்க... சரி, மெடலைக் குத்து. பெட்டி இங்கதான இருக்கு, நானே எடுக்கறேன்.

— நீங்க விடுங்க. நான் எடுத்துத் தர்றேன்.

— என் மெடல்ம்மா.

— உங்களுக்குக் கை நடுங்குது. ஊசி குத்திரும்.

— குண்டு பட்டவன்கிட்ட ஊசியைக் காட்டிப் பயமுறுத்தறா பாரு. தா இப்படி... இது என்ன, வெல்வெட்டுக்குக் கீழ?

— ஒண்ணுமில்ல. மூடுங்க மாமா.

— கவரு... பட்டாளத்து முத்திரை... பேரன் பேரு.

— அதை இப்படிக் குடுங்க மாமா.

— எப்ப வந்துச்சும்மா?

— பத்து நாளாச்சு. நீங்க கண் ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கு. தபால்காரர் என் கையில குடுத்துட்டுப் போனாரு.

— பத்து நாளா. அவன் தினமும் கடையிலேர்ந்து வந்ததும் 'லெட்டர் வந்துச்சா'னு கேட்கறானே.

— கேட்கறான். இல்லடானு சொல்றேன். சொல்லிட்டு அவன் முகத்தைப் பார்க்க முடியாம அடுப்படிக்குப் போயிடறேன்.

— என்ன எழுதியிருக்கு?

— நாளான்னைக்குள்ள போய்ச் சேரணும். இல்லைன்னா அந்த இடம் வேற ஆளுக்குப் போயிரும்.

— அது வரைக்கும் மெடலுக்கு அடியில வெச்சா யாரும் பார்க்கமாட்டாங்கன்னு.

— இந்தப் பெட்டியை வருஷத்துல ஒரு நாள்தான திறக்கறோம். அந்த ஒரு நாள் இன்னைக்குன்னு மறந்து தொலைச்சுட்டேன். திட்டுங்க மாமா. உங்கப்பா திரும்பி வரல. உங்க பையன் வந்தாரு, முழுசா வரல. இவனையும் அனுப்பிட்டு நான் எந்தத் தட்டைத் தேய்ச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கறது?

— வெளிய சங்கத்து வண்டி ஹாரன் அடிக்குது. நேரமாச்சாம்.

— அடிக்கட்டும். அந்தக் கவரை என் பையன்கிட்டயே குடுத்துடுங்க. அவன் வாழ்க்கை, அவன் ஆசை. நான் செய்யறது தப்புன்னு எனக்கே தெரியுது.

— அதுல முதல் வரி என்ன போட்டிருக்கு, கவனிச்சியா?

— 'முன்பு அனுப்பிய கடிதத்துக்குப் பதில் இல்லாததால், இது இறுதி நினைவூட்டல்'னு இருக்கு. அந்த முதல் கடிதம் நம்ம வீட்டுக்கு வரவே இல்லையே மாமா. தபால்ல தொலைஞ்சிருக்கு. கடவுளே பார்த்துத் தொலைச்சிருக்காரு, மிச்சத்தை நாம பார்த்துக்கலாம்னுதான் இதை ஒளிச்சேன்.

— கடவுளுக்கு அவ்ளோ நேரம் ஏதும்மா? வாசல்ல நாற்காலி போட்டுப் பகல் பூரா உட்கார்ந்திருக்கறது நான்தான்.

— ... மாமா.

— வாயை மூடிட்டு, இந்தக் கவரை அந்த ஓடாத கடிகாரத்துக்குப் பின்னாடி சொருகு. பார்த்துச் சொருகு... முதல் கடிதம் கீழ விழுந்துரப் போகுது.